எதில் பாதி?

தாராவியின் மளிகைக் கடைக்குச் சர்க்கரை வாங்கச் செல்லும் ஆறாம் வகுப்புத் தமிழ்க் குழந்தை, நான்கில் ஒன்று என்னும் எண்ணை ஒரே நாளில் பல வடிவங்களில் சந்திக்கிறது. வீட்டில் அம்மா சொல்லி அனுப்புவது ‘கால் கிலோ’. கடைக்காரரிடம் கேட்பது ‘பாவ் கிலோ’. கடையின் மின்னணுத் தராசு காட்டுவது 0.250. மறுநாள் பள்ளிக் கரும்பலகையில் 1/4 என்று வருகிறது. இரண்டு மாதம் கழித்து வேறொரு பாடத்தில் 25% என்று வருகிறது. இவை அனைத்தும் ஒரே எண் என்பதை அக்குழந்தைக்கு எவரும் எடுத்துச் சொல்வது அரிது. தெருவும் வீடும் பள்ளியும் தனித்தனி மொழி பேசுகின்றன. அவற்றுக்கு இடையே மொழிபெயர்க்கும் வேலை பத்து வயதுக் குழந்தையின் தலையில் விழுகிறது.

பாடநூல்களும் இந்தப் பிரிவினையை உறுதி செய்கின்றன. பின்னம் ஓர் இயல், தசமம் அடுத்த இயல், விழுக்காடு பிறிதோர் இயல். ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள், தனிப் பயிற்சிகள், தனித் தேர்வு. இந்த வறட்சியைப் போக்கவே ஆசிரியர் பயிற்சி முகாம்களில் விளையாட்டு வழிக் கற்பித்தல் வலியுறுத்தப்படுகிறது. அட்டையில் வெட்டிய பீட்சா வட்டங்கள், வண்ணம் தீட்டிய நூறு கட்டங்கள், பின்னச் சீட்டுக்கட்டு என்று பல செயல்பாடுகள் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. குழந்தைகள் மகிழ்கிறார்கள்; அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த வாரத் தேர்வில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆடியதும் கற்றதும் எங்கே பிரிந்தன என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

அந்தத் தவறான விடையிலிருந்தே தொடங்கலாம். 2/5 என்பது அறியாமையால் மட்டும் வரும் விடையன்று. ஒரு சிறுவன் இரண்டு பந்துகளில் ஒன்றைப் பவுண்டரிக்கு அடிக்கிறான். அடுத்த மூன்று பந்துகளில் ஒன்றைப் பவுண்டரிக்கு அடிக்கிறான். மொத்தம் ஐந்து பந்துகளில் இரண்டு பவுண்டரி. இங்கே 2/5 முற்றிலும் சரி. மாட்டுங்காவின் மைதானங்களில் விளையாடும் எந்தக் குழந்தையும் இக்கணக்கைப் பிழையின்றிச் சொல்லும். அப்படியானால் வகுப்பறையில் அதே விடை ஏன் தவறாகிறது? கிரிக்கெட்டில் இரண்டு பந்தும் மூன்று பந்தும் சேர்ந்து ஐந்து பந்து என்னும் புதிய முழுமை உருவாகிறது. கரும்பலகையிலோ அரையும் மூன்றில் ஒன்றும் ஒரே முழுமையின் பங்குகள், முழுமை மாறுவதில்லை. குழந்தை தவறாகக் கூட்டவில்லை. வேறொரு கேள்விக்குரிய விடையை எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஆசிரியர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எதில் பாதி? எதில் மூன்றில் ஒன்று?

பின்னம், தசமம், விழுக்காடு ஆகிய மூன்றையும் இணைக்கும் சரடு இந்தக் கேள்விதான். எந்தச் செயல்பாடு குழந்தையை இக்கேள்வியைக் கேட்க வைக்கிறதோ அதுவே பயனுள்ளது. கேட்க வைக்காத செயல்பாடு எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் பொழுதுபோக்கோடு நின்றுவிடும்.

இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு நன்மை உண்டு. 3/4 என்பதை ஆங்கிலம் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. தொகுதி முதலில், பகுதி பிறகு. மராத்தியும் ‘தீன் சேத சார்’ என்று அதே வரிசையில் படிக்கிறது. தமிழ் ‘நான்கில் மூன்று’ என்கிறது. முழுமை எத்தனை பங்காயிற்று என்பது முதலில் சொல்லப்பட்டு, அதில் எத்தனை எடுக்கப்பட்டது என்பது பின்னர் வருகிறது. ‘எதில்’ என்ற வினாவுக்குரிய விடையை ‘இல்’ என்னும் வேற்றுமை உருபே ஏந்தி நிற்கிறது. கொரிய மொழியின் பின்னப் பெயர்களும் இவ்வாறு பகுதியை முன்னிறுத்துபவை. 1999இல் ஐரீன் மியூராவும் உடன் ஆய்வாளர்களும் கொரிய, குரோஷிய, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டனர். பள்ளியில் பின்னம் கற்பிக்கப்படுவதற்கு முன்பே, பின்னத்தை உரிய படத்தோடு பொருத்துவதில் கொரியக் குழந்தைகள் முன்னிற்பதை அவர்கள் கண்டனர். 2003இல் ஜே பெய்க், கெல்லி மிக்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. எனினும் பகுதியை வெளிப்படையாகச் சொல்லும் பெயர்களைத் தந்தபோது அமெரிக்கக் குழந்தைகளின் செயல்திறன் கூடியதை அதுவும் காட்டியது. மொழி மட்டுமே கணிதத்தைக் கற்றுத் தராது. ஆனால் சொல்லுக்குள் கேள்வி பொதிந்திருந்தால் கற்பவருக்கு ஒரு படி குறைவு.

மும்பைத் தமிழ்க் குழந்தைகள் இந்த நன்மையை எளிதில் இழக்கிறார்கள். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவருகிறது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் தோன்றியது. எனினும் இன்று பல பெற்றோரின் விருப்பம் ஆங்கிலவழிக் கல்வியே. அவ்விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘த்ரீ பை ஃபோர்’ என்று மட்டுமே சொல்லப் பழகிய குழந்தைக்கு அது ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் அமர்ந்திருக்கும் இரண்டு எண்களாகவே தெரிகிறது. மேலுள்ளவற்றைக் கூட்டு, கீழுள்ளவற்றைக் கூட்டு என்று கை தானாக நகர்கிறது. பயிற்று மொழி எதுவாயினும், எழுதுவதற்கு முன் ஒருமுறை வீட்டு மொழியில் சொல்லிப் பார்க்க வகுப்பறை இடம் தர வேண்டும்.

இம்மண்ணில் பின்னம் ஒரு காலத்தில் இவ்வளவு அந்நியமாக இருந்ததில்லை. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக ஓதப்பட்டது. முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16, அரைக்கால் 1/8 என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயரும் குறியீடும் இருந்தன. அவற்றின் பெருக்கல் வாய்பாடுகளும் இருந்தன. இச்சுவடிகளின் சமூக வரலாற்றை டி. செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மராத்தியிலும் இதற்கு இணையான மரபு உண்டு: பாவ்கீ, நிம்கீ, பாவுண்கீ, சவாய்கீ, தீட்கீ என்று கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை ஆகியவற்றுக்குத் தனித்தனி வாய்பாடுகள் ஓதப்பட்டன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் மரபும் அவர்களை ஏற்ற நகரத்தின் மரபும் இந்த ஒரு புள்ளியில் உறவினர்கள். அம்மரபு சாதியாலும் பாலினத்தாலும் பலருக்குக் கதவடைத்தது என்பதையும் மறக்கலாகாது. மீட்க வேண்டியது அந்தப் பள்ளியை அன்று. அங்கே பின்னம் அளவையோடும் பண்டத்தோடும் பிணைந்திருந்த முறையை.

நாணயம் அப்பிணைப்பை மாற்றியது. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. பாதியின் பாதியின் பாதியாக இறங்கும் உலகம் அது. அன்று முதல் ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணா 6.25 பைசாவாகி முழு எண்ணில் அடங்காமல் நின்றது. அடுத்து வந்த பாடநூல்கள் தசமத்தைக் கற்பிக்க ரூபாயையும் பைசாவையும் துணைக்கு அழைத்தன. இன்று அத்துணையும் இல்லை. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. இன்றைய ஆறாம் வகுப்புக் குழந்தை பைசாவைக் கையால் தொட்டதே இல்லை. ‘3.50 என்றால் மூன்று ரூபாய் ஐம்பது பைசா’ என்ற விளக்கம் அக்குழந்தைக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்குவதாகிறது.

ஆகவே செயல்பாடுகளைக் குழந்தை இன்று காணும் பொருள்களிலிருந்து எடுக்க வேண்டும். இப்பகுதிகளில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஐந்தை இங்கே பார்க்கலாம். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, தராசு அகராதி. ஒவ்வொரு குழந்தையும் ஒரு வாரம் கடைக்குப் போகும்போது இரண்டைக் குறித்து வர வேண்டும்: கடையில் சொன்ன சொல், தராசு காட்டிய எண். வகுப்பில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை உருவாகிறது. ‘ஆதா கிலோ’, 0.500, 1/2, 50%. ‘பாவ் கிலோ’, 0.250, 1/4, 25%. ‘ஆதா பாவ்’, 0.125, 1/8, 12.5%. தசமத்தில் மிகப் பரவலான குழப்பம், இலக்கங்கள் அதிகமாக இருந்தால் எண்ணும் பெரிது என்று நினைப்பது; 0.125 என்பது 0.5ஐ விடப் பெரிது என்று பல குழந்தைகள் கருதுகின்றன. ‘ஆதா பாவ்’ மிளகாய்த்தூளைக் கையில் வாங்கிய குழந்தை அவ்வாறு கருத முடியாது. தராசு 0.500 என்று காட்டுவதையும் நோட்டுப் புத்தகம் 0.5 என்று எழுதுவதையும் ஒப்பிட்டு, கடைசிச் சுழியங்கள் என்ன செய்கின்றன என்ற விவாதத்துக்கு நகரலாம். இறுதியில் கேள்வி: எதில் கால்? ஒரு கிலோவில் காலும் இரண்டு கிலோப் பொட்டலத்தில் காலும் தராசில் ஒரே எண்ணைக் காட்டுமா?

இரண்டாவது, பந்தி. நெதர்லாந்துக் கணிதக் கல்வியாளர் லேன் ஸ்ட்ரேஃப்லண்ட் பங்கிடுதலை அடித்தளமாகக் கொண்டு பின்னக் கற்பித்தலை வளர்த்தெடுத்தார். அவரது நூல் 1991இல் வெளிவந்தது. செம்பூரை அடுத்த மான்குர்தில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கே. சுப்பிரமணியமும் அவரது குழுவினரும் பின்னத்தின் இந்தப் பங்கீட்டுப் பொருளை இந்திய வகுப்பறைக்காக ஆராய்ந்துள்ளனர். செயல்பாடு எளிது. ஒரு மேசையில் நான்கு பேருக்கு மூன்று சப்பாத்தி. மற்றொரு மேசையில் ஆறு பேருக்கு ஐந்து சப்பாத்தி. பசியோடு வருபவர் எந்த மேசையில் அமர்வார்? காகித வட்டங்களை வெட்டத் தொடங்கும் குழந்தைகளில் சிலர் மூன்று சப்பாத்தியையும் நான்கு நான்காக வெட்டி ஆளுக்கு மூன்று துண்டு கொடுப்பார்கள். சிலர் இரண்டைப் பாதியாக்கி, மூன்றாவதை மட்டும் நான்காக்குவார்கள். இருவரும் சண்டையிடும்போது 1/2 + 1/4 = 3/4 என்பது விதியில்லாமலே பிறக்கிறது. கூர்மையான குழந்தை ஒன்று வெட்டாமலே விடை சொல்லக்கூடும்: இரண்டு மேசையிலும் ஒரு சப்பாத்திதான் குறைகிறது, அக்குறையை ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இழப்பு குறைவு. பொதுப் பகுதி காணும் விதியைக் காட்டிலும் ஆழமான சிந்தனை அது. தென்னிந்திய உணவகங்களில் ‘ஒன் பை டூ காபி’ என்று கேட்கும் வழக்கம் இதே பொருளைச் சுமக்கிறது: ஒன்று, இருவருக்கு. மும்பையின் ‘கட்டிங் சாய்’ மற்றொரு விவாதத்தைத் திறக்கும். கட்டிங் என்பது பாதி. எந்தக் குவளையில் பாதி? இரண்டு கடையின் கட்டிங் சமமா?

மூன்றாவது, தையல் நாடா. தாராவியின் தையல் கூடங்களிலும் தோல் பை செய்யும் பட்டறைகளிலும் அன்றாடம் புழங்கும் பொருள் இது. ஒரு பக்கம் அங்குலம். அங்குலத்துக்குள் அரை, கால், அரைக்கால் கோடுகள். மறுபக்கம் சென்டிமீட்டர், அதற்குள் பத்துக் கோடுகள். பின்னமும் தசமமும் ஒரே நாடாவின் இரு முகங்களாக இருப்பதைக் குழந்தைகள் விரலால் தடவி அறியலாம். பிறகு ஆளுக்கொரு காகிதப் பட்டை. மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுப் பங்கு கிடைக்கிறது. பத்துப் பங்காக மடிக்கச் சொன்னால் வகுப்பே திணறும்; ஐந்து சமபங்கு மடிப்பது கைக்கு எளிதல்ல. தசமம் கைக்கு இயல்பானதன்று, எழுத்துக்கு வசதியானது என்ற உண்மை அத்திணறலில் விளங்கும். மூன்றாக மடிப்பதோ சிறிது முயன்றால் கைகூடும். ஆனால் அதையே தசமமாக எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்கிறது. விழுக்காட்டில் முப்பத்து மூன்றேகால் என்பதற்கும் முப்பத்து மூன்றரை என்பதற்கும் இடையில் எங்கோ நிற்கிறது. கை செய்ய முடிவதை ஓர் எழுத்து முறை எழுத முடியாமல் போவது குழந்தைகளுக்கு உண்மையான வியப்பு.

நான்காவது, ஓவர் கணக்கு. ஆட்டத்தின் எண்பலகையில் 19.4 என்று தெரிகிறது. அடுத்த பந்தில் 19.5, அதற்கடுத்த பந்தில் 20. 19.6 எங்கே போயிற்று? 19.7, 19.8, 19.9 ஏன் வருவதே இல்லை? தசமம் போலத் தோன்றும் இக்குறியீடு தசமம் அன்று. புள்ளிக்குப் பின்னால் நிற்பது ஆறில் நான்கு. 19.4 ஓவரில் 160 ஓட்டங்கள் எடுத்த அணியின் ஓட்ட விகிதத்தைக் கணிப்பானில் 160 ÷ 19.4 என்று போட்டால் ஏறத்தாழ 8.25 வரும். 118 பந்துகளாக எண்ணிக் கணக்கிட்டால் 8.14தான். இரண்டில் எது சரி, ஏன் என்று வகுப்பு வாதிடட்டும். போலியை அடையாளம் காணத் தெரிந்தவருக்கே அசல் முழுமையாகப் புரியும். அடுத்து ஸ்ட்ரைக் ரேட்: 30 பந்தில் 45 ஓட்டம் என்றால் 150. இது நூறு பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பது. ‘நூற்றுக்கு இவ்வளவு’ என்னும் எண்ணம் குழந்தைக்குத் தெரியாமலே இங்கே பழகிவிடுகிறது. ஓட்டங்கள் பந்துகளின் பங்கு அல்ல. அதனால் இவ்வெண் நூறைத் தாண்டுவது எவரையும் திடுக்கிட வைப்பதில்லை. அப்படியானால் விழுக்காடு எப்போது நூறைத் தாண்டலாம், எப்போது தாண்ட முடியாது? வகுப்பில் நூறு பேரில் நூற்றைம்பது பேர் வந்தார்கள் என்று சொல்ல முடியுமா?

ஐந்தாவது, உணவகச் சீட்டு. மாட்டுங்காவின் உணவகம் ஒன்றில் சாப்பிட்டு வாங்கிய சீட்டைக் கொண்டுவந்தால் அதில் மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5% என்று இரண்டு வரிகள் இருக்கும். 240 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 6 ரூபாயும் 6 ரூபாயும். இங்கே பழைய எண்சுவடி எதிர்பாராத வகையில் உயிர்பெறுகிறது. 5% என்பது இருபதில் ஒன்று. அதாவது ஒரு மா. 2.5% என்பது நாற்பதில் ஒன்று, அதாவது அரைமா. இருமா பத்து விழுக்காடு, நாலுமா இருபது விழுக்காடு, ஐந்து மா சரியாகக் கால். பாட்டனின் பாட்டன் வாய்விட்டு ஓதிய வாய்பாடு பேத்தியின் வரிச்சீட்டில் அச்சாகி இருப்பதைக் கண்டால் எந்த வகுப்பும் சற்றே நிமிர்ந்து உட்காரும். அதோடு நிறுத்தாமல், ‘50% தள்ளுபடி, அதன்மேல் 20% தள்ளுபடி’ என்ற விளம்பரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 1000 ரூபாய்ச் சட்டை 500 ஆகி, பிறகு 400 ஆகிறது. மொத்தத் தள்ளுபடி 70 அன்று, 60. ஏனெனில் இரண்டாவது இருபது ஆயிரத்தில் இல்லை, ஐந்நூறில் இருக்கிறது. மறுபடியும் அதே கேள்வி: எதில்?

தெருவைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றி ஆய்வுலகில் நீண்ட விவாதம் உண்டு. 1985இல் டெரிசின்ஹா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து குழந்தைகளை ஆராய்ந்தனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரி. அவற்றையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடு மட்டுமே சரி. 2010களில் அரிந்தம் போஸும் கே. சுப்பிரமணியமும் சிறுதொழில்கள் நிறைந்த மும்பைக் குடியிருப்புப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளிடம் மேற்கொண்ட ஆய்வும் இத்திசையிலானது. பணக் கணக்கிலும் பலவகை அளவைகளிலும் அக்குழந்தைகளுக்குப் பள்ளி கணக்கில் எடுக்காத அறிவு இருந்தது.

இம்முடிவுகளை வைத்துத் தெருவைக் கொண்டாடிவிடுவதும் பிழையே. பட்டறையில் வேலை செய்யும் குழந்தைக்குத் தொழிலின் கணக்கு முழுவதும் தெரியும் என்பதில்லை. அட்டை வார்ப்பைத் தோலின் மேல் வைத்துக் கோடு போடும் கைக்கு, அந்த வார்ப்பு ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பது தெரிய வேண்டிய தேவையே எழுவதில்லை. அளவை முடிவு செய்தவர் வேறொருவர். ஒரு தோலில் எத்தனை சதுர அடி வீணாகிறது, அந்த வீண் யார் கணக்கில் ஏறுகிறது என்பது முதலாளியின் குறிப்பேட்டில் இருக்கிறது. கூலியைப் பெறும் குழந்தைக்கு விலையின் பங்கு தெரிவதில்லை. ஆக, தெரு கற்றுத் தருவது அறிவு. தெரு மறைத்து வைப்பதும் அறிவுதான். குழந்தையின் உழைப்பை வகுப்பறை அலங்காரமாக்காமல், அவ்வுழைப்பில் மறைந்திருக்கும் முழுமையைக் கேட்கக் கற்பிப்பது பள்ளியின் பொறுப்பு. பை ஒன்றின் விலையில் தைத்தவருக்கு எத்தனையில் எத்தனை? இதுவும் பின்னக் கணக்கே.

இக்கேள்வியைக் கேட்கத் தெரியாதவர் என்ன இழக்கிறார் என்பதற்குக் கடனே போதிய சான்று. ‘நூற்றுக்கு மூன்று வட்டி’ என்பது தமிழ்க் குடும்பங்களில் சாதாரணமாகப் புழங்கும் சொல். அதில் சொல்லப்படாமல் நிற்பது ‘மாதத்துக்கு’. ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. வங்கி விளம்பரத்தில் ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று படிக்கும் ஒருவருக்கு மூன்றுதான் சிறியதாகத் தெரியும். தண்டல் கடன் இன்னும் நுட்பமானது. பத்தாயிரம் ரூபாய்க் கடன். ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘பத்து விழுக்காடுதான்’ என்பார்கள். எதில் பத்து? கைக்கு வந்தது ஒன்பதாயிரம்; அதில் ஆயிரம் என்பது ஒன்பதில் ஒன்று, 11.1 விழுக்காடு. அதுவும் முழு உண்மை இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால் நூறு நாளும் ஒன்பதாயிரம் கையில் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதியளவே இருக்கும். அவ்வாறு பார்த்தால் நூறு நாளுக்கான வட்டி 20 விழுக்காட்டுக்கும் மேலே போய்விடும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் நூறு கட்டங்கள் கொண்ட தாளில் நாள்தோறும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தால், கையிலிருக்கும் தொகை எப்படிக் கரைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நூறு கட்டத் தாளுக்கு வண்ணம் தீட்டுவதைக் காட்டிலும் பொருத்தமான வேலை இதுதான்.

இவ்வகைக் கணக்கை வகுப்பில் எடுக்கும்போது ஆசிரியருக்கு ஒரு கவனம் தேவை. எந்தக் குழந்தையின் வீட்டுக் கடனும் வகுப்பின் முன் விரிக்கப்படக் கூடாது. தொகைகளைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் தாமாகவே வீட்டில் பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

செயல்பாடுகளைத் தாமே வடிவமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் கல்வியியல் மாணவர்களுக்கும் மேலே உள்ளவற்றிலிருந்து மூன்று உரைகற்களைப் பிரித்தெடுக்கலாம். ஒன்று, செயல்பாட்டின் நடுவே ‘எதில்?’ என்ற கேள்வி தானாக எழுகிறதா? இரண்டு, ஒரே எண் பின்னமாகவும் தசமமாகவும் விழுக்காடாகவும் ஒரே தாளில் அருகருகே எழுதப்படுகிறதா? மூன்று, பழகிய உத்தி தோற்கும் இடம் ஒன்று அதில் இருக்கிறதா? 19.6 வராத ஓவர், 0.333இல் முடியாத மடிப்பு, எழுபதாகாத தள்ளுபடி ஆகியவை அவ்வாறான இடங்கள். சிரிப்பு அடங்கிய பிறகு வகுப்பில் ஒரு நிமிட மௌனம் விழுகிறதென்றால் அங்கே கற்றல் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது உரைகல்லைப் பெரும்பாலான விளையாட்டுகள் தவறவிடுகின்றன; தோல்வி மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்ற அச்சமே காரணம். நன்றாக அமைந்த தோல்வி குழந்தைகளுக்குப் புதிரைப் போல இனிக்கும்.

நாற்பது ஐம்பது பேர் நெருக்கி அமர்ந்திருக்கும் மாநகராட்சிப் பள்ளி வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில், இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது இயல்பு. ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. மூன்று இயல்களுக்கும் பொதுவாகத் தராசு அகராதி ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஆண்டு முழுவதும் வளரவிட்டால் போதும். மூன்று முறை தனித்தனியாகக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதி அதனாலேயே மிச்சமாகும்.

தாராவியின் குடும்பங்கள் வரும் ஆண்டுகளில் சதுர அடிகளாலும் விழுக்காடுகளாலும் எழுதப்பட்ட பல தாள்களில் கையெழுத்திட வேண்டிவரும். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பல வேளைகளில் அந்த ஆறாம் வகுப்புக் குழந்தையாகவே இருக்கும். தாளை நீட்டி ‘இதில் என்ன போட்டிருக்கிறது?’ என்று பெரியவர்கள் கேட்கும்போது, எண்ணை வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல் ‘இது எதில் இவ்வளவு என்று கேளுங்கள்’ என்று சொல்ல அக்குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.